தூக்குக்கு எதிராக வாதாடிய வக்கீல்களுக்கு ஒரு கூட்டம்: யாரைப் பற்றிப் பேசுவது?

வைப்பாற்றுக்காரன்
அக்டோபர் 10 உலக மரண தண்டனை எதிர்ப்பு நாள். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த ஆண்டு அன்றைக்கு ஒரு சின்னக் கூட்டம் வைக்கலாம் என்று பேச்சு. கூட்டம் வைப்பதில் எல்லாருக்கும் சம்மதம்தான். யாரைப் பற்றிப் பேசுவது என்பதில்தான் இழுபறி. முதலில் வந்த பெயர் பேரறிவாளனின் தாய் அற்புதம் அம்மாள், அடுத்தது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அதோடு நின்றுவிட்டது. வழக்கு நடத்திய வக்கீல்கள் யார் என்று கேட்டால், "ராம் ஜெத்மலானி சென்னைக்கு வந்தாரே" என்ற ஒரே பதில்தான்.

எனக்கு வேறொரு உறுத்தலும் இருக்கிறது. நம் ஊரில் மரண தண்டனை ஒழிப்பு என்று பேச ஆரம்பித்தால் நேராக ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளனில் போய் நிற்கும். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி, எதற்கென்று தெரியாமல் வாங்கிக் கொடுத்தார் என்ற பகுதியை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டேன் என்று சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளியே வந்து சொன்னது, 31 ஆண்டுச் சிறை, 2022 மே 18 விடுதலை. கேட்பவர் யாராக இருந்தாலும் மனம் இளகும். ஆனால் அது, தப்பாகத் தண்டிக்கப்பட்டவரை மீட்ட கதை. தூக்கே கூடாது என்பவர், குற்றம் செய்தது சந்தேகமில்லாமல் தெரிந்த ஆளுக்கும் கூடாது என்றுதானே சொல்ல வேண்டும்? அப்படிப்பட்ட ஆளுக்காக வக்காலத்துப் போட்டு நின்ற வக்கீலை நாம் மேடையேற்றுவோமா? அவர்களைப் பற்றித்தான் இந்தக் கூட்டம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வட்டத்தில் பாதிப் பேர் "வம்பு வேண்டாம்" என்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூந்தமல்லி வாசகர்
தம்பி, அந்த "வம்பு வேண்டாம்" பேச்சை நான் 1998லேயே கேட்டவன். அந்த ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி ராஜீவ் கொலை வழக்கில், பயங்கரவாத வழக்குகளுக்கான பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் 26 பேருக்கும். அன்றைக்கு டீக்கடையில் நின்று "இது அநியாயம்" என்று சொல்லவே பயமாக இருந்த காலம். தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்ற மேல்முறையீடும் கிடையாது, நேராக டெல்லி. பழ. நெடுமாறன் தலைமையில் 26 தமிழர் உயிர்ப் பாதுகாப்புக் குழு அமைத்து ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் மூத்த வழக்கறிஞர் என். நடராசன். 1999 மே 11 அன்று 19 பேர் விடுதலை, மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு உறுதி. அந்த நால்வரில் ஒருவரான நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று நீதிபதி கே.டி. தாமஸ் தனியாக எழுதினார். 2000இல் நளினியின் தண்டனையை ஆளுநர் குறைத்தார்.

26 பேரில் 22 பேரின் கழுத்திலிருந்து கயிறு இறங்கியது அந்தத் தீர்ப்பில்தான். இன்றைக்கு எத்தனை பேருக்கு நடராசன் பெயர் தெரியும்?

அப்புறம் 2011. மிச்சமிருந்த முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுவை 11 வருடம் கிடப்பில் போட்டுவிட்டு நிராகரித்தார்கள். செப்டம்பர் 9 என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெத்மலானி, காலின் கொன்சால்வஸ், நம் ஆர். வைகை எல்லாரும் நின்றார்கள். எட்டு வாரம் தடை கிடைத்தது. அதே நாள் சட்டமன்றத்திலும் ஒருமனதாகத் தீர்மானம். ஜெத்மலானி பெயர் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களில் கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்தார்களே, அவர்கள் எங்கே?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூவரின் தூக்கை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்ததை மேடையில் வீரமாகப் பேசாதீர்கள். உயிரைக் காக்கத்தான் போராடினோம். அந்தப் பெண் போனது எங்களுக்கெல்லாம் இடி. கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒற்றைவரி
கொன்னவனுக்கு வக்கீல், வக்கீலுக்குப் பொன்னாடை. செத்தவன் வீட்டுக்கு யாருப்பா போறது?

மேல்முறையீடு
மதுரைக் கிளையில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். வைப்பாற்றுக்காரன் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது.

வாதீஸ்வரன் எதிர் தமிழ்நாடு அரசு, 1983 பிப்ரவரி 16. ராமநாதபுரம் அமர்வு நீதிமன்றம் 1975 ஜனவரியில் தூக்கு விதித்த வழக்கு. நிரபராதிக் கதை எதுவும் இதில் இல்லை. சுங்க அதிகாரிகள் மாதிரி வேடமிட்டு, ஏமாந்தவர்களை விசாரணை என்று அழைத்துப் போய், தூக்க மாத்திரையும் விஷ ஊசியும் போட்டு, பணம் நகையைப் பறித்துக் கொன்ற கும்பல். அதன் தலைவர்தான் மனுதாரர். நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பின் தொடக்கத்திலேயே அந்த ஆளைக் கொடியவன் என்று எழுதிவிடுகிறார். எழுதிவிட்டு, எட்டு வருடமாகத் தனிமைக் கொட்டடியில் வைத்து, நாளைக்கா மறுநாளா என்று காக்க வைத்துவிட்டு இப்போது தூக்கில் போடுவது உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குப் பொருந்துமா என்று கேட்கிறார். பொருந்தாது என்று சொல்லி ஆயுளாகக் குறைக்கிறார். இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதமானாலே குறைப்புக் கேட்கலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டு ஆண்டுக் கணக்கை அடுத்த மாதமே ஷேர் சிங் வழக்கில் வேறு அமர்வு ஏற்க மறுத்தது, 1989இல் திரிவேணிபென் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை முழுசாக நீக்கினார்கள். ஆனால் தாமதம் ஒரு காரணம் என்ற விதை முளைத்துவிட்டது.

அது எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். 1993 நவம்பரில், ஜமைக்காவுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், அந்த நாட்டைச் சேர்ந்த பிராட், மார்கன் என்ற இருவரின் வழக்கைத் தீர்த்தது. 14 வருடம் மரணக் கொட்டடி, மூன்று முறை தூக்கு ஆணை வாசிக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டவர்கள். ஐந்தாண்டுக்கு மேல் காக்க வைத்தால் அது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று தீர்ப்பு. அதில் நம் வாதீஸ்வரன் வழக்கும் எடுத்துப் பேசப்பட்டது. ஜமைக்காவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் கயிறு அறுந்தது. அந்த வழக்கை லண்டன் வக்கீல்கள் கட்டணம் வாங்காமல் நடத்தினார்கள்.

அங்கிருந்து மறுபடி நம் ஊர். பாலாறு கண்ணிவெடி, 1993 ஏப்ரல், 22 பேர் பலி. வீரப்பன் ஆட்கள் என்று பிலவேந்திரன், சைமன், ஞானப்பிரகாசம், மீசை மாதையன் நால்வருக்கு மைசூர் தடா நீதிமன்றம் ஆயுள் கொடுத்தது. ஆயுளை எதிர்த்து மேல்முறையீடு போனார்கள், உச்ச நீதிமன்றம் 2004இல் தானாகவே அதைத் தூக்காக உயர்த்திவிட்டது! மேல்முறையீடு செய்ததற்குத் தண்டனை தூக்கு. 2013 பிப்ரவரியில் கருணை மனு நிராகரிப்பு, பெல்காம் ஹிண்டல்கா சிறையில் எந்த நேரமும் தூக்கு என்ற நிலை. அந்த நெருக்கடியில் வாங்கிய தடைதான் 2014 ஜனவரி 21 சத்ருகன் சவுகான் தீர்ப்பு வரைக்கும் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஒரே தீர்ப்பில் 15 பேருக்குத் தூக்கு ரத்து. கருணை மனு நிராகரிக்கப்பட்டால் குறைந்தது 14 நாள் அவகாசம் வேண்டும், குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், மனநலம் பாதித்தவரைத் தூக்கில் போடக் கூடாது என்ற விதிகள் எல்லாம் அதில் வந்தவை. அதற்கு நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 18 அன்று முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் அதே காரணத்தால் குறைப்பு.

ஆக, பேரறிவாளனின் கழுத்தைக் காப்பாற்றிய வாதம் "நான் செய்யவில்லை" என்பது அல்ல. தாமதம். அந்த வாதத்தை முதலில் வாங்கிக் கொடுத்தது விஷ ஊசிக் கொலைகாரனின் வழக்கு. தீர்ப்பு அச்சானபோது வக்கீல்கள் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும். நாங்கள் வக்கீல்களே அந்த வரியைத் தாண்டித்தான் படிக்க ஆரம்பிப்போம்.

சுந்தரி_தாம்பரம்
எல்லாம் சரிங்க அண்ணா. நான் முகலிவாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தவள். 2017இல் அங்கே ஏழு வயதுக் குழந்தையைக் கொன்றார்கள். அந்தத் தெருவில் அந்த வாரம் யாரும் பிள்ளைகளை வெளியே விடவில்லை. பிடிபட்ட ஆளுக்குச் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலையே செய்துவிட்டது. ஆயுள்கூட இல்லை, விடுதலை! அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் யாராவது "வக்கீலுக்கு மரியாதை" என்று எழுதியிருந்தால் அவரைக் குழுவிலிருந்து தூக்கியிருப்பார்கள். நானும் சேர்ந்துதான்.

கேள்வியை நேராகவே கேட்கிறேன். அந்த வக்கீலையும் உங்கள் மேடையில் ஏற்றுவீர்களா?

மேல்முறையீடு
ஏற்றுவேன் அக்கா. காரணத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். குற்றச்சாட்டு வனையும்போது அந்த ஆளுக்கு வக்கீலே இல்லை. அப்புறம் சட்ட உதவியில் ஒருவரைப் போட்டார்கள், சில நாளிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. கொலை வழக்கின் கட்டைப் படித்து முடிக்கவே அந்த நாள் போதாது. குற்றவாளி என்று சொன்ன அன்றே தூக்கும் விதிக்கப்பட்டது. தண்டனைக்கு முன் அவர் பின்னணி என்ன, மனநிலை என்ன என்று அறிக்கை எதுவும் கேட்கவில்லை. சுற்றுச்சாட்சியங்களின் சங்கிலியும் பல இடத்தில் அறுந்திருந்தது என்று நீதிமன்றம் சொன்னது.

ஊரே கொதிக்கிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் விசாரணையைக் குதறி வைத்தால் இதுதான் கதி. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு அநியாயம் நடந்தது டெல்லியில் அல்ல, இங்கே, 2017இல். ஆரம்பத்திலேயே நல்ல வக்கீல் ஒருவர் நின்று ஒவ்வொரு சாட்சியையும் குடைந்திருந்தால், போலீசும் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டி வந்திருக்கும். எதிர்த்தரப்பு பலமாக இருந்தால்தான் அரசுத் தரப்புத் தீர்ப்பும் மேலே போய் நிற்கும். என் சீனியர் இதைத் தினமும் சொல்லுவார்.

ஒற்றைவரிக்கும் இதுதான் பதில். செத்தவன் வீட்டுக்கு அரசு போக வேண்டும். நிவாரணம், மனநல உதவி, வழக்கு என்ன ஆனது என்று ஒரு தகவல், எதுவும் போவதில்லை. கயிறு மட்டும் போகிறது.

ஒற்றைவரி
இந்தப் பதில் பரவாயில்லை. ஆனா அந்த அம்மா அப்பாகிட்ட போய் இதச் சொல்ல முடியுமா உங்களால?

மேல்முறையீடு
முடியாது. சொல்லவும் மாட்டேன்.

வல்லிபுரம்
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே 1976இற்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. தண்டனை மட்டும் தீர்ப்புகளில் வந்துகொண்டே இருக்கும். 2019இல் ஜனாதிபதி சிறிசேன போதைப்பொருள் வழக்குக் கைதிகள் நால்வரின் தூக்கு ஆணையில் கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் (உங்கள் ஊர்க் கணக்கில் உச்ச நீதிமன்றம்) நிறுத்தி வைத்தது. அப்போது மனுப் போட்டவர்களை இங்கே ஒருவருக்கும் தெரியாது, அதுவும் உங்கள் பட்டியலில் சேர வேண்டிய கதைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மிருசுவில் படுகொலை. 2000 டிசம்பரில் இடம்பெயர்ந்திருந்த சனங்கள் தங்கள் வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் எட்டுப் பேரைக் கழுத்தறுத்துப் புதைத்தார்கள். சிறுவர்களும் அதற்குள் இருந்தார்கள். 15 வருசம் வழக்கு நடந்து, 2015இல் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவுக்குப் பூட்டிக் கிடந்த நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய அவருக்குப் பொது மன்னிப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எங்கட சனம் அவரைத் தூக்கில் போடு என்று கேட்கவில்லை. சிறைக்குள் இருக்கட்டும் என்றுதான் கேட்டது. தூக்கு வேண்டாம் என்பதும் தண்டனையே வேண்டாம் என்பதும் ஒன்றில்லை. உங்கள் கூட்டத்தில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கோ. இல்லாவிட்டால் மன்னிப்பு, கருணை என்ற சொற்களைக் கேட்கும்போது எங்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும்.

வைப்பாற்றுக்காரன்
வல்லிபுரம் அண்ணன் சொன்னதை முதல் பேச்சாளரே சொல்லிவிட வேண்டும்.

வட்டத்தில் நேற்று இன்னொரு வாக்குவாதமும் வந்தது. 2011இல் மூவருக்காகக் கையெழுத்து வாங்கிய ஒருவர், தருமபுரி பஸ் எரிப்பில் மூன்று மாணவிகள் கருகிய வழக்கில் 2016இல் தூக்கு ரத்தானபோது "விட்டுட்டாங்களே" என்று கத்தியவர். கேட்டால் "அது வேற" என்கிறார். எல்லாருக்கும் ஒரு "அது வேற" இருக்கிறது.

பினாங்கு_மணி
மலேசியாவிலிருந்து. இங்கே தமிழர்களுக்கு இது செய்தித்தாள் விஷயம் இல்லை, பக்கத்து வீட்டு விஷயம். ஈப்போ பையன் நாகேந்திரன் தர்மலிங்கத்தை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009இல் தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டார். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ அறிக்கை இருந்தது. அப்போது அங்கே 15 கிராமுக்கு மேல் போனால் கட்டாயத் தூக்கு. 2022 ஏப்ரல் 27 விடிகாலையில் முடித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவருடைய அம்மாவே நீதிமன்றத்தில் நின்று கெஞ்சினார்.

நான் சொல்ல வந்தது வக்கீல்களைப் பற்றி. எம். ரவி என்று சிங்கப்பூர்த் தமிழர். இந்த மாதிரி கேஸ்களைப் பல வருடம் தனி ஆளாக எடுத்தவர். சபா மாநிலத்துச் சீனப் பையன் யோங் வுய் கோங், அதே மாதிரிப் போதைப்பொருள் கேஸில் பிடிபட்டபோது 19 வயதுதான். தூக்குக்குச் சில நாள் இருக்கும்போது ரவி உள்ளே புகுந்து 2009இல் தடை வாங்கினார். வழக்கை இழுத்துக்கொண்டே போனார். கட்டாயத் தூக்கிலிருந்து சிலருக்கு விலக்குத் தரும்படி 2012இல் சட்டமே மாறியது, 2013இல் அந்தப் பையனுக்கு ஆயுளும் பிரம்படியும் ஆனது. வழக்கை இழுத்தடிக்கிறார் என்று அவரைத் திட்டியவர்கள்தான் அதிகம். அவர் இழுக்காமல் இருந்திருந்தால் சட்டம் மாறும்போது பையன் உயிரோடு இருந்திருக்க மாட்டான்.

நாகேந்திரன் கேஸில் கடைசி நேர மனுவுக்காக ரவியும் இன்னொரு வக்கீலும் அரசுத் தரப்பின் செலவைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு யார் துணிவார்கள்? 2022 ஆகஸ்டில் 24 தூக்குக் கைதிகள், செலவுத் தண்டனைக்குப் பயந்து எங்களுக்கு வக்கீலே கிடைக்கவில்லை என்று தாங்களாகவே வழக்குப் போட்டுத் தாங்களாகவே வாதாடினார்கள். தோற்றார்கள். ரவியும் 2024இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அவர் ஒழுங்கான ஆளா என்றால் இல்லை. மனநோய் இருந்தது, கோபம் இருந்தது, நீதிமன்றத்தோடு ஓயாத மோதல். மரியாதைக்குத் தகுதியான ஆள் என்றால் சந்தனப் பொட்டும் சிரித்த முகமுமாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மலேசியாவில் நிலைமை கொஞ்சம் மேல். கட்டாயத் தூக்கு 2023 ஜூலையில் போய்விட்டது. தண்டனையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஆயிரம் பேருக்கு மேல் மனுப் போடும் வழி திறந்தது. லாயர் என். சுரேந்திரன் மாதிரி ஆட்கள் வருடக்கணக்காகக் கத்தியதற்கும் அதில் பங்கு இருக்கிறது.

சுந்தரி_தாம்பரம்
மணி அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு ஒரு விஷயம் கேட்கத் தோன்றுகிறது. டெல்லி நிர்பயா வழக்கில் கடைசி இரவு வரை மனுமேல் மனுப் போட்ட வக்கீலையும் இதே கணக்கில் சேர்ப்பீர்களா? இரவு நேரத்தில் பெண்பிள்ளை வெளியே போவதைப் பற்றி ஆவணப்படக் கேமரா முன்னால் அவர் பேசியதைக் கேட்டவள் நான். தன் மகள் அப்படிப் போனால் எரிப்பேன் என்கிற மாதிரி பேசினார். 2020 மார்ச் 20 வரை கயிற்றைத் தள்ளிப் போட்டார் என்பதற்காக அவருக்கும் மாலையா?

பூந்தமல்லி வாசகர்
அவருக்கு வேண்டாம் அம்மா. தூக்கைத் தள்ளிப் போடுவது வேறு, தூக்கை எதிர்ப்பது வேறு. தன் கட்சிக்காரன் உயிருக்காக நின்றதில் குறையில்லை, அது தொழில். செத்த பெண்ணை இழிவாகப் பேசியதில்தான் குறை. உயிர் எல்லாருடையதும் ஒன்று என்பதில்தான் இந்த வேலையே நிற்கிறது. அந்த நினைப்பில்லாமல் மனுப் போட்டவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

இதற்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்கிறேன். ஹைதராபாத் வக்கீல் கே.ஜி. கண்ணபிரான், 2010இல் காலமானார். பூமய்யா, கிஸ்தா கவுடு என்ற இரண்டு விவசாயிகளைத் தூக்கிலிருந்து காக்க அவர் உள்ளிட்டோர் எவ்வளவோ போராடினார்கள். நெருக்கடி நிலையின்போது 1975 டிசம்பர் 1 அன்று தூக்கிலிட்டுவிட்டார்கள். அந்தத் தோல்வியோடு அவர் விட்டிருக்கலாம். 1993இல் சிலகலூரிப்பேட்டை பஸ் எரிப்பு. கொள்ளையடிக்கப் போன இரண்டு தலித் இளைஞர்கள் பெட்ரோல் ஊற்ற, 23 பயணிகள் செத்தார்கள். அவர்கள் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கட்சிக்கும் அவர்களால் லாபமில்லை. அந்த இருவருக்காகத்தான் கண்ணபிரான், மனித உரிமைக்காரர் பாலகோபால் எல்லாரும் ஓடினார்கள். 1998இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் காலத்தில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. செத்த 23 பேரைப் பற்றி ஒரு சொல்லும் குறைவாகப் பேசாமலேயே இது நடந்தது.

நம் ஊரில் ஆட்டோ சங்கருக்காக யார் நின்றார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. அன்றைக்குப் பத்திரிகைகள் விற்ற வேகம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மேல்முறையீடு
ஐயா சொன்ன வரிசையில் இன்னொருவர், மும்பை யுக் மோஹித் சவுத்ரி. ஆங்கில இலக்கியம் படித்து, கவிஞர் யேட்ஸ் பற்றி ஆய்வு செய்து, பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். சத்ருகன் சவுகான் வழக்கிலும், நம் மூவர் வழக்கிலும், 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் யாகூப் மேமனுக்காகவும் நின்றார். மேமன் வழக்கில் 2015 ஜூலை 30 அதிகாலை மூன்று மணிக்கு உச்ச நீதிமன்றக் கதவைத் திறக்க வைத்தார்கள். தோற்றார்கள், சில மணி நேரத்தில் தூக்கு. டெல்லிக்குப் பக்கத்து நிதாரியில் நடந்த தொடர் கொலை வழக்கில் சிக்கிய சுரேந்திர கோலிக்காகவும் நின்றவர். நாடே அந்த ஆளை நரமாமிசம் தின்றவன் என்றது. 2014இல் நள்ளிரவில் தூக்குக்குத் தடை வாங்கினார் இந்திரா ஜெய்சிங். 2015இல் தாமதத்தைக் காட்டித் தூக்கு ரத்தானது. அப்புறம் ஒவ்வொரு வழக்காகச் சாட்சியம் உதிர்ந்து, 2025 நவம்பரில் கடைசி வழக்கிலும் விடுதலை. நள்ளிரவில் அந்தத் தடை கிடைக்காமல் போயிருந்தால்?

மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கிலும் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அதில் வாதாடியவர்களில் இருவர் நம்மவர்கள்: சென்னையில் தொழில் தொடங்கிய எஸ். முரளிதர், நம் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ். நாகமுத்து. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்த ஐவரில் ஒருவர் அதற்கு முன்பே, 2021இல், கொரோனாவில் சிறைக்குள் செத்துப் போயிருந்தார்.

வைப்பாற்றுக்காரனின் கேள்விக்கு இப்போது வருகிறேன். குற்றவாளிக்காக நிற்பதும் நிரபராதிக்காக நிற்பதும் நிற்கிற நேரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். வக்காலத்துப் போடும் அன்றைக்கு எவன் கோலி, எவன் வாதீஸ்வரன் என்று எங்களுக்கு நெற்றியில் எழுதியிருக்காது.

சரி, பெரிய பெயர்களை விடுங்கள். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் அனூப் சுரேந்திரநாத்தும் மாணவர்களும் சிறை சிறையாகப் போய் 373 தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் பரம ஏழைகள். நிலத்தையும் தாலியையும் விற்று வக்கீல் வைத்தவர்கள். உயர் நீதிமன்றத்தில் தனக்காக வாதாடியவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அந்தக் குழு எடுத்த வழக்குகளில் ஒன்று, 1994 புனே கொலை வழக்கில் தூக்கு பெற்ற நிராணாராம் என்பவருடையது. சம்பவம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயது என்று ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டை வைத்து நிரூபித்தார்கள். 2023 மார்ச்சில் வெளியே வந்தார். 28 வருடம் சிறை. வயதை யாரும் சரிபார்க்கவில்லை.

இனி வரும் ஆபத்தையும் கூட்டத்தில் சொல்லுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 472ஆம் பிரிவு. கருணை மனுவில் குடியரசுத் தலைவர் எப்படி முடிவெடுத்தார் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. 2014இல் 15 பேரும், அப்புறம் நம் மூவரும் தப்பித்த கதவே அதுதான். அதைப் பூட்டப் பார்க்கிறார்கள். அரசியல் சட்டத்தின் முன் அந்தப் பிரிவு நிற்காது என்பது என் கருத்து, ஆனால் யாராவது ஒரு வக்கீல் யாரோ ஒரு கொலைகாரனுக்காகப் போய் நின்றுதான் அதை உடைக்க வேண்டும். சட்ட ஆணையம் 2015இலேயே பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றதற்குத் தூக்கை ஒழிக்கச் சொன்னது. அரசு எதிர்த் திசையில் போகிறது, புதிய தண்டனைச் சட்டத்தில் தூக்கு விதிக்கக்கூடிய குற்றங்கள் கூடியிருக்கின்றன.

வைப்பாற்றுக்காரன்
எல்லாருக்கும் நன்றி. இரவு வட்டத்தில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். முடிவு இது: ஆளுக்கு மரியாதை என்ற பேச்சை விட்டுவிட்டு வாதீஸ்வரன் வழக்கை எடுத்துக்கொள்கிறோம். குற்றம் என்ன, கொட்டடியில் என்ன நடந்தது, தீர்ப்பு எங்கெல்லாம் போனது என்று ஒரு மணி நேரம். அப்புறம் நடராசன், கண்ணபிரான், ரவி மூவரைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம். அற்புதம் அம்மாள் பற்றித் தனியாக ஒருவர் பேசுவார், அதை விட்டால் வட்டமே உடைந்துவிடும். மேல்முறையீடு அண்ணன் வர முடியுமா? சுந்தரி அக்காவும் வந்து இங்கே கேட்டதை அங்கேயும் கேட்க வேண்டும்.

சுந்தரி_தாம்பரம்
தாம்பரத்திலிருந்து ரயில் கிடைத்தால் வருகிறேன். கைதட்ட மாட்டேன், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒற்றைவரி
சாத்தூர்ப் பக்கம்னா சேவு உண்டுல்ல?

மேல்முறையீடு
வருகிறேன். கோர்ட் நாளாக இருந்தால் மாலை ஆறரைக்கு மேல் வையுங்கள். எனக்குப் பொன்னாடை வேண்டாம். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சட்ட உதவியில் கொலை வழக்கு நடத்தும் இளம் வக்கீல்கள் இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள், பஸ் செலவும் கொடுங்கள். ஒரு வழக்குக்கு அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று மேடையிலேயே கேளுங்கள். தீர்ப்பின் நகலை நான் கொண்டு வருகிறேன். தமிழில் யாராவது முன்கூட்டியே சுருக்கி எழுதித் தந்தால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம்.